கிட் லாக்: பத்து லட்சம் கமிட்டுக்குள்ள நமக்கு வேண்டிய ஒண்ணு

பைத்தான்ல 'ஓமலூர்'னு கொடுத்து லென் போட்டுப் பாருங்க. 6னு சொல்லும். நம்ம ஊர்க்காரங்க எண்ணினா ஓ, ம, லூ, ர், மொத்தம் 4 தான். ஊகாரக் குறியையும் புள்ளியையும் யூனிகோட் தனித்தனியா எண்ணுறதால வர்ற வினை இது. இதைச் சரியா பிரிச்சுத் தர, ஓப்பன்-தமிழ் லைப்ரரியில கெட்_லெட்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு.

அந்த ரெப்போவை க்ளோன் பண்ணிட்டீங்க. இந்த ஃபங்ஷன்ல யார், எப்ப, எதுக்குக் கை வச்சாங்கன்னு தெரியணும். வெறும் கிட் லாக் அடிச்சா மொத்த வரலாறும் வந்து கொட்டும். லினக்ஸ் கெர்னல்ல இதையே அடிச்சா பத்து லட்சம் கமிட்டுக்கு மேல. ஸ்க்ரோல் பண்ணியே ரிட்டயர் ஆகிடலாம்.

'கிட் லாக் டேஷ் 5' அடிச்சா கடைசி 5 மட்டும் வரும். கூட 'டேஷ் டேஷ் ஒன்லைன்' போட்டா கமிட்டுக்கு ஒரு வரி. 'டேஷ் டேஷ் ஆத்தர்' சேர்த்தா அந்த ஆள் போட்ட கடைசி 5 வரும். முதல்ல ஆளைப் பார்த்து வடிகட்டும், அப்புறம்தான் எண்ணும். பெயர்ல கேப்பிட்டல், ஸ்மால் லெட்டர் மாறினா சிக்காது. 'டேஷ் ஐ' போட்டுக்கோங்க.

தேதிதான் வம்பு. 'டேஷ் டேஷ் சின்ஸ்' போட்டு வெறும் தேதி மட்டும் கொடுத்தா, கிட் அந்த நாளோட ஆரம்பத்துல இருந்து எடுக்காது. இப்ப உங்க கடிகாரத்துல மணி 11னா, அந்த நாள் 11 மணியில இருந்துதான் எடுக்கும். காலையில 9 மணிக்கு விழுந்த கமிட் காணாம போயிடும். ப்ரொடக்ஷன் உடைஞ்சு கிடக்கும்போது இது நடந்தா தப்பான ஆள் மேல பழி விழும். அதனால 00:00னு நேரத்தையும் சேர்த்தே கொடுங்க. இன்னொண்ணு, சின்ஸ் பார்க்கிறது கமிட் ஆன தேதியை. லாக் சாதாரணமா காட்டுறது கோடு எழுதின தேதியை. யாராவது ரீபேஸ் பண்ணியிருந்தா ரெண்டும் வேற வேற. 'நேத்துல இருந்து காட்டு'ன்னா போன மாசத் தேதி வந்து நிக்கும். பேய் இல்ல, பயப்படாதீங்க.

நம்ம கேள்விக்கு வருவோம். 'டேஷ் பெரிய எஸ்' போட்டு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தா, அந்தச் சொல் எத்தனை தடவை வருதுங்கிற கணக்கு மாறின கமிட் மட்டும் வரும். பிறந்த இடத்தைப் பிடிக்க இது போதும். ஆனா உள்ள லாஜிக்கை மட்டும் மாத்தியிருந்தா இது கண்டுக்காது. அதுக்கு 'டேஷ் பெரிய எல்'. ஒரு கோலன், ஃபங்ஷன் பெயர், இன்னொரு கோலன், ஃபைல் பாத். அந்த ஃபங்ஷனைத் தொட்ட கமிட் மட்டும், மாத்தின வரிகளோட வரும்.