சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

கடல் கடந்து மோட்டார் உதிரிப் பாகம் அனுப்புவோர் கவனத்துக்கு

நம் இதழில் வழக்கமாகப் பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் பற்றித்தான் அதிகம் எழுதுகிறோம். இம்முறை மோட்டார் உதிரிப் பாகங்களைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் வந்துள்ளது. நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகளும் மருமகன்களும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து அவர்களுக்கு விசாரிப்பு வருகிறது. விலையும் படிகிறது. அனுப்பும் செலவைக் கேட்டவுடன் வியாபாரம் நின்றுவிடுகிறது. "ஏற்றுமதி எல்லாம் பெரிய இடத்துக்காரர்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இப்படி ஒதுங்க வேண்டியதில்லை என்பதைக் கணக்கோடு காட்டுவதே நம் நோக்கம்.

இலங்கைச் சாலைகளில் ஓடும் ஆட்டோ, லாரி, பஸ்களில் பெரும்பகுதி இந்தியத் தயாரிப்பு. பஜாஜ், டி.வி.எஸ்., டாட்டா, அசோக் லேலண்ட், மாருதி ஆகிய பெயர்கள் அங்கே வீட்டுப் பெயர்கள் போல. 2020 மார்ச்சில் அந்நாட்டு அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. இடைப்பட்ட சுமார் ஐந்து ஆண்டுகளும் இருந்த வண்டியைப் பழுது பார்த்துத்தான் ஓட்டினார்கள். பழைய வண்டி ஓடும் வரை பாகம் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கும் நம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு கடல்தான். அந்தக் கடலைக் கடக்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பது கொஞ்சம்; சரக்கு கடையை விட்டுக் கிளம்பும் முன்பே கணக்குப் போட்டுக் குறைப்பதுதான் அதிகம்.

எடையா, இடமா?

பொரி மூட்டைக்கும் வெல்ல மூட்டைக்கும் லாரி ஆபீஸில் ஒரே மாதிரி வாடகை போடுவதில்லை என்பது நமக்குத் தெரியும். பொரி இடத்தை அடைக்கிறது. வெல்லம் பாரத்தைக் கூட்டுகிறது. கடலிலும் வானிலும் இதே வழக்கம்தான்.

விமானக் கூரியர்காரர்கள் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். வருவது கிலோ. விமானச் சரக்கில் 6,000-ஆல் வகுப்பது வழக்கம். இந்தக் கணக்கு எடை, உண்மை எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். ஒரு காரின் முன்பக்க பம்பரை 180 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 40 உயரமுள்ள பெட்டியில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தராசில் வைத்தால் 5 கிலோவை ஒட்டி வரும். கூரியர்காரர் கணக்கில் அது 72 கிலோ. இதற்கு மாறாக, 20-க்கு 15-க்கு 8 சென்டிமீட்டர் பெட்டியில் வரும் பிரேக் பேட் செட்டின் கணக்கு எடை அரைக் கிலோகூட வராது. உண்மை எடைக்குத்தான் கட்டணம்.

கப்பலில், முழு கண்டெய்னர் எடுக்காமல் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது, ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இரண்டில் எது கூடுதலோ அதுவே அளவு. ஒரு கன மீட்டருக்குக் குறைந்தாலும் பொதுவாக ஒரு கன மீட்டருக்கே வாங்குவார்கள்.

இதில் ஓர் ஆதாயம் இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கும் பேரிங்கும் 1,000 கிலோ, அடைக்கும் இடம் 0.4 கன மீட்டர் என்று கொள்வோம். பம்பர், ஏர் டக்ட் போன்ற பிளாஸ்டிக் சாமான்கள் 100 கிலோ, அடைக்கும் இடம் 1.6 கன மீட்டர். தனித்தனியே அனுப்பினால் 1-ம் 1.6-ம் சேர்ந்து 2.6 அளவுக்கு வாடகை. ஒரே பில்லில் சேர்த்து அனுப்பினால் மொத்த இடம் 2.0, மொத்த எடை 1.1 டன், ஆகவே 2.0-க்கு மட்டும் வாடகை. பொரியையும் வெல்லத்தையும் ஒரே வண்டியில் ஏற்றும் பழைய சூத்திரம்தான். பாரத்தை அடியில் வைக்க வேண்டும், அவ்வளவே.

எதற்கு எந்த வழி?

சென்சார், ஆயில் சீல், கார்புரேட்டர் கிட் போன்ற சிறிய, விலை கூடிய, அவசரச் சாமானுக்குக் கூரியரோ தபாலோ போதும். தபாலில் ஏற்றுமதி செய்வோருக்காக 2022 முதல் டாக் நிர்யாத் கேந்திரா மையங்கள் செயல்படுகின்றன. பத்திரங்களைக் கணினி வழியாகவே அங்கு முடிக்கலாம். ஐம்பது, நூறு கிலோ அவசரச் சரக்கு என்றால் விமானச் சரக்கைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டரை எட்டிவிட்டால் கப்பலே சரி. தென் மாவட்ட வியாபாரிகள் சென்னையோடு தூத்துக்குடியிலும் விலை கேட்க வேண்டும். உள்நாட்டு லாரி வாடகையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சில சாமான்களை எந்த வழியிலும் சாதாரணப் பெட்டியில் போடக் கூடாது. பேட்டரி, ஏர்பேக், வாயு அடைத்த ஷாக் அப்சார்பர் ஆகியவை அபாயப் பொருள் பட்டியலில் வருகின்றன. பெட்ரோல் வாடை உள்ள பழைய பம்பையும் டாங்கையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சொல்லாமல் வைத்துப் பிடிபட்டால் மொத்தச் சரக்கும் நிற்கும்.

இறங்கும் துறையில் காத்திருக்கும் கூலி

கப்பல் வாடகை மலிவாகத் தெரிந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அக்கரையில் என்ன என்ன கட்டணம்? டெலிவரி ஆர்டர், கண்டெய்னரைப் பிரிக்கும் கூலி, கிடங்கு வாடகை, முகவர் கூலி என்று வரிசையாக வரும். இங்கே வாடகையை ஏறக்குறைய இனாமாகக் காட்டிவிட்டு அங்கே வாங்குபவரிடம் அதை வசூலிக்கும் வழக்கம் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு இப்படித்தான் நேர்ந்தது. முகவர் சொன்ன வாடகை மிகக் குறைவு. சரக்கு இறங்கியபின் அங்கே கேட்ட கட்டணம் வாடகையைப் போலப் பல மடங்கு. வாங்கியவர் சரக்கை எடுக்க யோசித்தார். யோசித்த நாட்களுக்கு டெமரேஜ் ஏறியது. கடைசியில் இருவரும் பாதிப் பாதி சுமந்தார்கள். இருவரும் மறுபடி வியாபாரம் செய்யவில்லை என்பதுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே முகவரிடம் இரண்டு கரைக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவரோடு எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா என்பதையும் பில்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சி.ஐ.எஃப். என்றால் வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் பொறுப்பு. ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே சேதத்தின் பொறுப்பு வாங்குபவருடையதாகிவிடும். பலர் இதை அறியாமல் சண்டை போடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சுங்க வரி பொதுவாக வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த விலை மீதே போடப்படுகிறது. வாடகையில் 100 ரூபாய் மிச்சமானால் அதன் மீதான வரியும் மிச்சமாகும்.

எல்லாம் மோட்டார் பாகம் அல்ல

வண்டியில் மாட்டுவதெல்லாம் 8708 என்ற எச்.எஸ். குறியீட்டில் வரும் என்று நினைத்துப் பில் போடுகிறார்கள். அது சரியல்ல. பம்பர், கிளட்ச், கியர் பாக்ஸ் 8708-ல் வரும். இரு சக்கர வண்டிப் பாகங்கள் 8714. பேரிங் 8482. ஆயில் ஃபில்ட்டர், ஏர் ஃபில்ட்டர் 8421. பிஸ்டன் 8409. ஸ்பார்க் பிளக் 8511. ஹாரன், வைப்பர், விளக்கு 8512. கண்ணாடி 7007. போல்ட், நட்டு 7318. ஃபேன் பெல்ட் 4010. டயர் 4011. குறியீடு மாறினால் வரியும் மாறும். தவறாக எழுதிய பில்லைத் திருத்தும் வரை சரக்கு கிடங்கில் வாடகை தின்னும்.

1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். சாமான் விலக்குப் பட்டியலில் இல்லாதிருந்து, உரிய அளவு இந்தியாவில் உற்பத்தியானதாகவும் இருந்தால், பிறப்பிடச் சான்றிதழ் காட்டி வரிச் சலுகை பெறலாம். சீனாவிலிருந்து வந்த பாகத்தைச் சென்னையில் வாங்கி மறுபடி கட்டி அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது. அட்டைப் பெட்டியை மாற்றினால் பிறப்பிடம் மாறிவிடாது.

கட்டும் முறையில் காசு

பெரிய பெட்டியில் வைக்கோலை அடைத்து அனுப்பினால் காற்றுக்கு வாடகை கொடுக்கிறோம் என்று பொருள். பம்பர்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கலாம். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் காலி இடத்தில் சிறு பாகங்களை வைக்கலாம். மரப் பெட்டி, மரப் பலகை என்றால் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை பெற்ற மரமாக இருக்க வேண்டும்; பிளைவுட்டுக்கு இந்த நிபந்தனை இல்லை. கடல் காற்றில் கண்டெய்னருக்குள் வியர்த்து நீர் சொட்டும். இரும்புச் சாமானுக்கு எண்ணெய் பூசி, பாலிதீனில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட வேண்டும். துருப்பிடித்த பேரிங்குக்கு வாடகை எவ்வளவு மலிவாக இருந்தென்ன?

தவறான பாகம் போனால் போகும் கூலி, வரும் கூலி இரண்டும் தண்டம். பாக எண், சேஸிஸ் எண், பழைய பாகத்தின் படம் மூன்றையும் வாங்கிய பிறகே கட்ட வேண்டும். இலங்கையிலும் நம்மைப் போல் வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் தொல்லை குறைவு. வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும்போது ஹெட்லைட்டே வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சேர்ந்து அனுப்பினால்

செலவைக் குறைப்பதில் பெரிய வழி இதுதான். சுங்கப் பத்திரம், முகவர் கூலி, பில் ஆஃப் லேடிங் போன்ற செலவுகள் ஒரு கன மீட்டருக்கும் ஐந்து கன மீட்டருக்கும் ஏறத்தாழ ஒன்றே. உதாரணத்துக்கு அது ரூ.12,000 என்று கொள்வோம். ஐந்து கடைக்காரர்கள் தனித்தனியே அனுப்பினால் மொத்தம் ரூ.60,000. ஒன்றாக அனுப்பினால் தலைக்கு ரூ.2,400.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஐவரில் ஒருவர் வணிக ஏற்றுமதியாளராக இருந்து மற்றவர்களிடம் வாங்கலாம். உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவருக்கு விற்கும் சரக்குக்கு ஜி.எஸ்.டி. 0.1 சதவீதம்தான். பில் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போக வேண்டும். அந்த ஒருவருக்கு ஐ.இ.சி. எண்ணும் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகப் பதிவும் வேண்டும். ஐ.இ.சி. விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். எல்.யூ.டி. உறுதிமொழியை நிதியாண்டுதோறும் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் பாகங்களுக்கு வரி 18 சதவீதம். அந்தப் பணம் ரீஃபண்டுக்காக முடங்காமல் இருப்பதே ஒரு லாபம்.

1906-ல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது பங்குகளைத் திரட்டித்தான் கம்பெனி தொடங்கினார். இன்று நமக்குக் கப்பல் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. கண்டெய்னரில் ஒரு மூலையைச் சேர்ந்து வாங்கினால் போதும்.

குறைத்து எழுதும் பில்

"பாதி விலைக்குப் பில் போடுங்கள், மீதியைக் கையில் தருகிறோம்" என்று கேட்பவர்கள் உண்டு. வரி மிச்சம் என்று தோன்றும். பிடிபட்டால் அபராதம், சரக்கும் போகலாம். கப்பலில் சேதமானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பில்லில் உள்ள தொகையைத்தான் பார்க்கும். கையில் தருவதாகச் சொன்ன பாதியைத் தராவிட்டால் எந்தக் கோர்ட்டில் கேட்பது? மலிவு என்று நினைத்தவற்றுள் இதைவிட விலை கூடியது வேறில்லை.

பணம் வந்து சேரட்டும்

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த நாட்களில் அங்குள்ள வியாபாரியிடம் ரூபாய் இருந்தது, மனமும் இருந்தது. வங்கியில் டாலர் இல்லை. நாணயமானவருக்குக் கடன் கொடுத்தாலும் நாடு நெருக்கடியில் விழுந்தால் நம் பணம் நிற்கும். ஆகவே முதல் சில சரக்குகளுக்கு முன்பணமோ லெட்டர் ஆஃப் கிரெடிட்டோ கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடனுக்கு அனுப்புவதானால் 1957 முதல் இதற்கென்றே உள்ள அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் பாதுகாப்பு எடுக்கலாம்.

மளிகை வியாபாரிகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். அப்பளம் இடத்தை அடைக்கும், புளி பாரம் கூட்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கட்டும் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிப் பாருங்கள். ஒரே பெட்டகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படாமல் உணவுச் சரக்கைத் தனியே அடைக்க முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவரவர் சரக்கின் எடை, அளவு, எச்.எஸ். குறியீடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஐந்து தாள் சேர்ந்தால் முகவர்களைக் கூப்பிட்டு விலை கேட்டுவிடலாம்.