எண்ணெய் கசிந்தால் அயலாருக்கு உடனே சொல்வது ஏன்?

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்கியே கிணறுகளை நிரப்புகின்றதாதலால், சுன்னாகம் மின்நிலையப் பிரதேசத்தில் நிலத்திற் சேர்ந்த கழிவெண்ணெயும், மணலால் வடிகட்டப்படும் வாய்ப்பின்றி, அவ்வழியே அயற்கிணறுகளை அடைந்தது. இவ்விஷயத்தில், அங்கு மின் உற்பத்தி செய்த நொதேண் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அது நியாயமே, எனினும் குடித்த நீரை எந்த நட்டஈடும் மீட்காது.

மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கண் காணும். கரைந்த பென்சீன் போன்ற திரவியங்களையோ பரிசோதனைச்சாலையே காணும். ஆகையால், கசிவு நேர்ந்த அன்றே, அதன் அளவையும், நிலத்தடி நீர் செல்லும் திசையையும், எக்கிணற்று நீர் குடிக்கத் தகாதது என்பதையும் ஆலை அயலாருக்கு அறிவித்தல் அவசியம். பின்னர் அவதானிப்புக் கிணறுகளின் பரிசோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாக, நீர் தெளியும்வரை, வீடுதோறும் சேர்ப்பித்தலும் அவசியம்.