கால் அசையும் முன்னே

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டரைக் கடந்துவிடும். முன்னால் போகும் வண்டி சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் வருபவர் அதைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த ஒரு விநாடியில் பெரும்பகுதி ஓடிவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநரின் மண்டைக்குள் என்ன நடக்கிறது? பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபான் ஹௌஃபே, பெஞ்சமின் பிளாங்கர்ட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து 2011இல் வெளியிட்டார்கள்.

நிஜச் சாலையில் ஒருவரைத் திரும்பத் திரும்ப விபத்தின் விளிம்புவரை கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. அதனால் திரை, ஸ்டியரிங், பெடல் எல்லாம் கொண்ட சிமுலேட்டரில் 18 பேரை உட்காரவைத்தார்கள். முன்னே போகும் காரை 20 மீட்டர் இடைவெளியில் விடாமல் தொடர வேண்டும். அது எப்போது பிரேக் போடும் என்று அவர்களுக்குத் தெரியாது.

தலையில் மின்முனைகள் பதித்த துணித்தொப்பி. ஒவ்வொரு முனைக்கும் கீழே முடியை விலக்கி, தோலோடு மின்தொடர்பு கிடைக்க ஜெல் தடவ வேண்டும். வலது காலில் தசையின் மின்துடிப்பைப் பிடிக்கவும் முனைகள் உண்டு. தலைத்தோலில் கிடைப்பது வெறும் மைக்ரோவோல்ட் கணக்கிலான மின்னழுத்தம். டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை லட்சம் பங்காக்கி அதில் ஒன்றை எடுத்ததுபோல. ஒருமுறை கண் இமைத்தாலோ பல்லைக் கடித்தாலோ அதைவிடப் பெரிய மின் அலை எழுந்து பதிவைக் குழப்பிவிடும்.

உள்ளங்கை வியர்வையை அளந்தால் போதாதா? பதற்றத்தை அது நன்றாகவே காட்டும். ஆனால் தோலின் மின்கடத்தல் உயர்வதற்கே ஒன்றிரண்டு விநாடி ஆகும். கார் அதற்குள் எங்கோ போயிருக்கும். நீண்ட பயணத்தின் களைப்பை அறிய வியர்வையும் இதயத்துடிப்பும் உதவும். நொடிப்பொழுதில் எடுக்கும் முடிவைப் பிடிக்க மூளையைத்தான் கேட்க வேண்டும்.

மூளையின் பதில் அழகாக அடுக்கடுக்காக வருகிறது. முன்காரின் சிவப்பு விளக்கு எரிந்ததும் முதலில் பின்தலையில், பார்வைப் பகுதியில் சலனம். சுமார் 300 மில்லி விநாடி கழிந்து உச்சிக்குச் சற்றுப் பின்னே ஒரு நேர்மின் அலை எழுகிறது. கண்ணில் பட்ட ஒன்று முக்கியமானது என்று மூளை கணிக்கும்போது தோன்றும் அலை இது, பி300 என்பார்கள். கூடவே காலை அசைக்கும் பகுதியில் மின்னழுத்தம் எதிர்மின் பக்கம் சரிகிறது. உடலை அசைக்கும் முன் மூளை இப்படித் தயாராவதை 1960களில் ஃபிரைபுர்க் நகரில் கோர்ன்ஹூபரும் டெக்கேயும் கண்டுபிடித்திருந்தார்கள். அதன்பின் கால்தசை துடிக்கிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து பாதம் எழுகிறது, கடைசியில்தான் பிரேக் பெடல் அமுங்குகிறது.

பலமுறை பதிந்ததைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த அலைகள் தெளிவாகத் தெரியும். ஓடும் காருக்கு அந்த வசதி கிடையாது. ஒரே ஒரு முறையிலேயே கண்டுகொள்ள வேண்டும். கணினிக்கு ஒவ்வொரு ஓட்டுநரின் மூளைப் பதிவையும் காட்டிப் பழக்கினார்கள். மூளை அலையையும் கால்தசைத் துடிப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, பெடலை மட்டும் நம்புவதைவிட 130 மில்லி விநாடி முன்னதாகவே ஓட்டுநரின் எண்ணம் பிடிபட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இதன் மதிப்பு 3.66 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது அவ்வளவு தூரமாகத்தான் இருக்கலாம்.

பொதுமக்களின் வண்டிகள் ஓடாத சோதனைத் தடத்தில் உண்மையான காரை ஓட்டவைத்தும் பிறகு பார்த்தார்கள். அங்கும் இந்த முன்னறிகுறி தென்பட்டது. ஆனால் ஓட்டுநர் நினைக்காதபோது கணினி தவறாகப் புரிந்துகொண்டு பிரேக் போட்டால், பின்னால் வரும் வண்டி வந்து மோதும். அதனால், மூளை சொல்வதையும் காரின் முன்னிருக்கும் ரேடார் சொல்வதையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பிரேக்கைத் தயார்நிலையில் வைப்பதே பொருத்தமான வழி என்று எனக்குப் படுகிறது. மிதிக்கும் பொறுப்பு அப்போதும் ஓட்டுநரின் காலிடமே இருக்கும்.