வீரநாயகரும் பாலர் கல்வியும்

மேலங்கி தரித்து வீடெங்கும் பாய்ந்து திரியும் பிள்ளையின் வீரநாயக மோகத்தைப் படிப்புக்கு இடையூறெனக் கருதித் தடுப்போர் பலர். இம்மோகம் கற்றலுக்குத் துணையாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினாவாகும்.

விளையாட்டின்போது பிள்ளை தன் வயதுக்குரிய நிலையினின்றும் உயர்ந்து நிற்கிறது என்னுங் கருத்தைச் சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1933 ஆம் ஆண்டு ஆற்றிய விரிவுரையில் முன்வைத்தார். ரேச்சல் வைட், ஸ்டெபனி கார்ல்சன் முதலியோர் 2017 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்று இதற்கு வலுவூட்டுகிறது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டும் வேலையொன்று 10 நிமிடங்களுக்குக் கொடுக்கப்பட்டது. விரும்பியபோது அதனை விடுத்து ஐபேட் கருவியில் விளையாடவும் இடமளிக்கப்பட்டது. தாம் கடுமையாக உழைக்கின்றோமா என ஒரு சாரார் 'நான்' என்று தன்மையிலும், மற்றொரு சாரார் தம் பெயரைச் சொல்லியும் வினவிக்கொண்டனர். மூன்றாஞ் சாராரோ பேட்மேன் போன்ற பாத்திரமொன்றின் வேடம் புனைந்து, அப்பாத்திரத்தின் பெயரால் அவ்வாறே வினவினர். கூடிய நேரம் உழைத்தோர் இவர்களே. தன் சலிப்பினின்றும் சற்று விலகி நிற்க வேடம் உதவியது எனலாம்.

எனினும், மொத்தத்திற் பிள்ளைகள் வேலையிலும் விளையாட்டிலேயே கூடிய நேரத்தைச் செலவிட்டனர். ஆகவே, வீரநாயகர் மந்திரக்கோல் அல்லர். அப்பியாசக் கொப்பியின் அட்டையில் அவரது படத்தை ஒட்டுதலும் போதாது. பிள்ளையே அவராதல் வேண்டும். எழுதச் சலிக்கும் பிள்ளையிடம், அதன் வீரர் இவ்வரியை எவ்வாறு எழுதி முடிப்பார் என வினவலாம். மேலங்கியைக் களைவித்துப் பாடத்துக்கு அழைப்பதிலும், மேலங்கியுடன் அழைப்பதே நன்றென்பது நமது துணிபு.