மாத்திரையும் புற்று நோயும்

நன்மை செய்யுமென்று உலகம் நம்பும் ஒரு பொருள் தீமை செய்கிறதென்றால் அதை ஜனங்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வைட்டமின் ஈ விஷயத்தில் அதை ருசுப்படுத்துவதற்கு அமெரிக்கா, கானடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 35,533 ஆண்மக்கள் பல வருஷ காலம் தங்கள் தேகங்களையே சாட்சியாக நிறுத்த வேண்டியிருந்தது.

ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே பிராஸ்டேட் என்ற சிறு கோளம் ஒன்றிருக்கிறது. முதுமையில் அதில் புற்று காண்பதுண்டு. ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறிய குடும்பங்களில் இந்நோய் தாய்நாட்டைக் காட்டிலும் அதிகமாகக் காணப்பட்டது. வம்சம் மாறாதிருக்க, ஊரும் உணவும் மாறியிருந்தபடியால் பண்டிதர்களின் சந்தேகம் உணவின் மேல் சென்றது.

கோளத்திற்குள் நடப்பதென்ன? நம் ஜீவாணுக்களில் ஜி.எஸ்.டி.பி-1 என்னும் ஜீன் ஒன்றுண்டு. உள்ளே புகும் விஷப் பொருள்களை முறிக்கும் ரஸத்தைச் சுரக்கச் செய்வது அதன் உத்தியோகம். பிராஸ்டேட் புற்று நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் இக்காவற்காரன் உறங்கிக் கிடக்கிறானென்று பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையார் 1994-ம் வருஷத்தில் வெளியிட்டனர். ஜீனில் எழுதியிருப்பது ஓரெழுத்தும் அழியவில்லை. மெதில் என்ற சிறு அணுக்கூட்டம் அதன் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு வாயைக் கட்டிவிடுகிறது. காவல் போன வீட்டில் எதுவும் நுழையலாமல்லவா? இறைச்சியை மிகுந்த சூட்டில் கருக்கும்போது 'பிப்' என்றொரு விஷம் உண்டாகிறது. அதை எலிகளுக்கு ஊட்டியபோது பிராஸ்டேட்டில் புற்று கண்டது. எலியிடம் ருசுவானது மனிதனிடமும் ருசுவானதாகிவிடாதென்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

ஜீன்களுக்குச் சேதம் விளைவிப்பது ஒருவகைப் பிராணவாயு விகாரம். அதைத் தணிக்கும் வைட்டமின் ஈயும் ஸெலீனியமும் நோயையும் தடுக்கும் என்பது அடுத்த அனுமானம். இதற்கு ஆதாரமும் இல்லாமலில்லை. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த பரீக்ஷையில், வைட்டமின் ஈ உண்டவர்களுக்குப் பிராஸ்டேட் புற்று நூற்றுக்கு 32 வீதம் குறைந்ததென்று 1998-ல் பிரசுரமாயிற்று. ஆனால் அதே பரீக்ஷையில் பீட்டா கரோடீன் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று அதிகரித்ததென்று 1994-லேயே வெளியாகியிருந்தது. அந்த எச்சரிக்கைக்கு மாத்திரை வியாபாரிகள் போதிய காது கொடுத்ததாகத் தெரியவில்லை.

2001-ல் அமெரிக்கத் தேசியப் புற்று நோய் ஸ்தாபனத்தின் பொருளுதவியுடன் பெரிய பரீக்ஷை தொடங்கிற்று. ஒருசாராருக்கு வைட்டமின் ஈ, ஒருசாராருக்கு ஸெலீனியம், ஒருசாராருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு வெறும் பொய் மாத்திரை. யாருக்கு எது என்பது உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 2008-ல் கணக்குப் பார்த்தபோது யாதொரு பலனும் காணாமையால் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அத்துடன் கட்டை மூடி வைத்திருந்தால் உண்மை புதைந்து போயிருக்கும். அவர்கள் அம்மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். 2011-ல் வந்த தீர்ப்பு இது: ஏழு வருஷ காலத்தில் பொய் மாத்திரை உண்டவர்களில் ஆயிரத்துக்கு 65 பேருக்கும், வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களில் ஆயிரத்துக்கு 76 பேருக்கும் பிராஸ்டேட் புற்று கண்டது. அதிகப்படியான அந்தப் பதினொருவர் நோயைத் தடுக்கும் நோக்கத்தோடு மாத்திரை விழுங்கியவர்கள் என்பதை நேயர்கள் யோசிப்பார்களாக.

தமக்கே பாதகமான சாட்சியத்தை மறைக்காமல் அச்சிட்ட வைத்தியர்களின் நேர்மையை நாம் மெச்சுகிறோம். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அதன் அருமை தெரியும்.

மாத்திரை போகட்டும், காய்கறியே மருந்தாகாதா என்று கேட்பவர்களுக்கும் விடை வந்திருக்கிறது. ஆரம்ப நிலையிலுள்ள பிராஸ்டேட் புற்றுக்குச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் மட்டும் இருந்த 478 அமெரிக்கர்களில் ஒருசாராரைக் காய்கறிகளைத் தாராளமாக உண்ணும்படி இரண்டு வருஷம் தூண்டினார்கள். அவர்களும் உண்டார்கள். நோயின் வேகம் குறையவில்லையென்று 2020-ல் முடிவு வெளியாயிற்று. கீரையும் காயும் தேகத்துக்கு வேறு பல வகையில் நல்லவை. அவற்றை விலக்கும்படி நாம் சொல்லவில்லை. நோய் கண்ட ஒருவர் பத்தியமே போதுமென்று எண்ணி, வைத்தியர் குறித்த பரிசோதனை நாளைத் தவறவிடுவதுதான் நமக்குக் கவலை தருகிறது.