பிரிண்டருக்கும் ஒரு துபாஷி!

ஆபீசில் இருப்பது ஒரே பிரிண்டர். அதை நம்பி நாலைந்து கம்ப்யூட்டர்கள். ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் மாக், மற்றொன்றில் லினக்ஸ். ஒன்றிலிருந்து அனுப்பினால் கடிதம் அழகாக வருகிறது. இன்னொன்றிலிருந்து அனுப்பினால் வெள்ளைத் தாள் வருகிறது. அல்லது ஒன்றுமே வருவதில்லை. உடனே, "பிரிண்டர் கெட்டுவிட்டது" என்று தீர்ப்புக் கூறி, புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் வீண்!

பழுது எங்கே?

பிரிண்டருக்கென்று தனிப் பாஷை உண்டு. அடோபி கம்பெனியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு பாஷை. ஹ்யூலெட்-பக்கார்ட் கம்பெனியின் பி.சி.எல். இன்னொன்று. கம்ப்யூட்டர் சொல்வதை அந்தப் பாஷையில் மாற்றிச் சொல்லும் துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பெயர். விண்டோசின் துபாஷி லினக்சில் வேலை செய்யமாட்டார். 32 பிட் விண்டோசுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோசுக்கு உதவாது.

தாளே சாட்சி சொல்வதும் உண்டு. பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துக்கள் வருகின்றனவா? முதல் வரி, சதவீதக் குறியும் ஆச்சரியக் குறியுமாகத் தொடங்குகிறதா? அப்படியானால், போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டரிடம் அந்தப் பாஷையில் பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

மூன்று சோதனைகள்

முதலில், பிரிண்டரிலுள்ள பொத்தானை அமுக்கியே சோதனைத் தாள் எடுக்கவேண்டும். அது நன்றாக வந்தால் பிரிண்டர் மீது குற்றமில்லை. அடுத்து, பிரிண்டரை நேராகப் பொருத்தியுள்ள கம்ப்யூட்டரிலிருந்து அச்சடிக்கவேண்டும். அதுவும் சரியானால், தொல்லை தரும் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பிப் பார்க்கவேண்டும். அங்கே தவறினால் கோளாறு இணைப்பில், அல்லது டிரைவரில்.

2021-ல் விண்டோசில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. மைக்ரோசாப்ட் அதை அடைத்தபோது, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரைப் பொருத்த நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று ஆக்கிவிட்டது. சாதாரண ஊழியர் எத்தனை முறை முயன்றாலும் பிரிண்டர் சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுப் பாஷை

எல்லோருக்கும் புரியும் பாஷை ஒன்று இருந்தால் துபாஷி எதற்கு? அதுதான் ஐ.பி.பி. என்னும் அச்சு முறை. ஆப்பிள் கம்பெனி 2010-ல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் இதன்மேல் அமைந்ததே. ஐ.பி.பி. தெரிந்த புதிய பிரிண்டரை நெட்வொர்க்கில் நேராக இணைத்து, மாறாத முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால், மூவகைக் கம்ப்யூட்டர்களும் தனி டிரைவர் இல்லாமலே பேசிக்கொள்ளும்.

பழைய பிரிண்டர் என்ன செய்யும்? அதற்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தால் கவலையில்லை. ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதைப் பொருத்தி, 'கப்ஸ்' என்ற மென்பொருள் மூலம் பகிரலாம். மற்றவை ஐ.பி.பி.யில் பேசும், லினக்ஸ் அதைப் பிரிண்டரின் பாஷைக்கு மாற்றும். ஐந்து துபாஷிகள் செய்த வேலைக்கு ஒருவர் போதும்.

ஆகவே, பழைய பிரிண்டரைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பாருங்கள். யந்திரம் நிரபராதியாக இருக்கலாம்!