கரும்புகை யார் கையில்?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் டீக்கடையில் நின்றால் ஏதாவது ஒரு பாய்லரின் புகைப்போக்கி கண்ணில் படும். ஒருநாள் கறுப்பாகக் கக்கும், மறுநாள் சுத்தமாக இருக்கும். பாய்லரும் அதேதான், எரிபொருளும் அதேதான். பிறகு ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு நான் நீராவி ரயிலைத்தான் உதாரணம் காட்டுவேன். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

நீராவி ரயில் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை 1913 முதல் குறுகிய பாதையில் சின்ன ரயில் ஓடியது. திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே இன்னொன்று. இரண்டுமே இன்று இல்லை.

ரயில் எஞ்சினின் புகைப்போக்கியில் வெள்ளையாகப் போவது பெரும்பாலும் வெறும் நீராவி. கரும்புகை என்பது எரியாமல் தப்பிய கரித்துகள். நிலக்கரி சூடானதும் முதலில் வாயுவை விடும். அது எரியக் கடும் சூடும் வேண்டும், போதிய காற்றும் வேண்டும். தீயைப் பார்த்துக்கொள்ளும் பயர்மேன் ஒரேயடியாகக் கரியைக் கொட்டிக் குவித்தால் தணல் குளிரும், காற்று வழி அடையும். விறகடுப்பில் ஈரவிறகைத் திணித்தால் என்ன ஆகும், அதுதான். தேர்ந்த பயர்மேன் இரண்டு மூன்று ஷவல் மட்டும், தணல் வெளுத்து மெலிந்த இடமாகப் பார்த்து வீசுவார். பிறகு கதவைச் சற்றே திறந்துவைத்து, மேலிருந்தும் காற்று விடுவார்.

டிரைவருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சிலிண்டரைவிட்டு வரும் நீராவி புகைப்போக்கியில் சீறும்போதுதான் தீக்குக் காற்று இழுக்கப்படுகிறது. சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மூடினால் அந்த இழுவை நின்றுபோகும்; புகை மண்டும், தீ கதவு வழியே ஆட்கள்மேல் பாயவும் கூடும். அதனால் மூடுவதற்கு முன்பே, புகைப்போக்கியில் நேரடியாக நீராவியைச் சீறவிடும் புளோவரைத் திறக்க வேண்டும். இருவருக்கும் பேச்சில்லாமலே புரிதல் இருக்க வேண்டிய இடம் இது.

எரிபொருளும் முக்கியம்தான். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக இருப்பது சாதாரணம். அது இறுகிக் கட்டியாகிக் காற்றை மறிக்கும். ஊட்டி மலைரயில் எஞ்சின்கள் சிலவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெயில் ஓடும்படி மாற்றியது. 2021இல் நிலக்கரியில் ஓடும் புது எஞ்சினையும் அங்கேதான் கட்டினார்கள். எண்ணெயில் சாம்பல் தொல்லை குறைவு. ஆனால் காற்றுக்கு மிஞ்சி எண்ணெய் விட்டால் கறுப்புப் புகை, எண்ணெய்க்கு மிஞ்சி காற்று விட்டால் வெளிறிய புகை. ஏற்றத்துக்குத் தக்கபடி வால்வைத் திருப்ப அங்கும் பழகிய கை வேண்டும்.

சிப்காட்டில் சிறு ஆலை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேறு எரிபொருளுக்கு விலை விசாரிக்கும் முன், உங்கள் பாய்லர் ஆபரேட்டருக்கு நல்ல பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள்.